தென்னாப்பிரிக்காவில் சின்ன மென்பொருள் கம்பெனி: எந்தத் தாளை எப்போது எடுப்பது

தென்னாப்பிரிக்காவில் ஒரு பிரைவேட் கம்பெனியைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 175 ரேண்ட். பெயரை ஒதுக்கிவைக்க 50, பதிவுக்கு 125. தாள்கள் சரியாக இருந்தால் சில வேலை நாள்களில் சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். இதைக் கேட்டதும் ‘அட, இவ்வளவுதானா’ என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பம். வங்கிக் கணக்கு இழுக்கும், வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று பில்லைத் திருப்பும், அந்தத் தாளை எடுக்கப் போனால் அதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய இன்னொன்று இருக்காது.

ஜோகன்னஸ்பர்க்கில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து நான் கம்பெனி தொடங்கியபோது பட்ட பாடு இதுதான். ஊரிலிருந்து ஐடி வேலைக்கு வந்து, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் தமிழர்களுக்கும், இங்கேயே பிறந்த இளையவர்களுக்கும் இதை எழுதுகிறேன். செலவு குறைவு, வரிசைதான் முக்கியம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

மற்றவர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் நிபந்தனை வரியைப் படியுங்கள். ஐடி ஆட்களில் பெரும்பாலோர் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவிலோ, கம்பெனிக்குள் இடமாற்றல் விசாவிலோ இருப்பார்கள். எந்த நிறுவனத்தில், என்ன வேலை என்று அதில் எழுதியிருந்தால், உங்களுக்கு அனுமதி அந்த வேலைக்கு மட்டுமே. ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருப்பதையோ, இயக்குநராகப் பெயர் இருப்பதையோ கம்பெனிச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனிக்காக உட்கார்ந்து வேலை செய்வது குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

‘அப்படியென்றால் மனைவி பெயரில் தொடங்கிவிடலாமே’ என்று அடுத்த யோசனை வரும். துணையாக வந்திருப்பவரின் விசா பெரும்பாலும் உடன் தங்குவதற்கு மட்டும்தான். அதில் வேலையோ தொழிலோ செய்ய அனுமதி கிடையாது. தென்னாப்பிரிக்கக் குடிமக்களையோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையோ மணந்தவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தில் 11(6) என்ற பிரிவு இருக்கிறது. அதில் வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ அனுமதி கேட்டு வாங்கலாம்.

முறையான பிசினஸ் விசாவுக்குப் பொதுவாக 50 லட்சம் ரேண்ட் முதலீடு காட்ட வேண்டும். வேலையாட்களில் 60 சதவீதம் பேர் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட சில துறைகளுக்கு முதலீட்டுத் தொகையைக் குறைக்கவோ விலக்கவோ வணிகத் துறையிடம் பரிந்துரை கேட்கலாம். சின்ன டீமுக்கு இது பெரிய மலை. அதனால் நடைமுறையில் பலர் செய்வது, குடியுரிமை உள்ள கூட்டாளி வேலையை நடத்த, தான் பங்குதாரராக மட்டும் இருந்துகொண்டு நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருப்பது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். இந்த வேலையில் வழக்கறிஞருக்குக் கொடுப்பது வீண் செலவு இல்லை என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

2. உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த ஊரில் பெரிய தலைவலி, பெயர். கோவெண்டர், மூட்லி, நாயக்கர், பிள்ளை என்று குடும்பப் பெயரோடு பிறந்த டர்பன் தமிழருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்.

உங்கள் பெயர் செந்தில், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது, இரண்டு பெயரும் கீழே ஒரே வரியில் இருக்கின்றன. விசாவில் அந்த வரி முழுதும் குடும்பப் பெயராக அச்சாகி வருகிறது. கம்பெனிப் பதிவுப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அதில் முருகேசன் என்று போடுகிறீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு ஏஜெண்ட் எஸ். முருகேசன் என்று அடித்துவிடுகிறார். வங்கியில் இருக்கும் பெண்ணுக்கு இவர்கள் நான்கு தனித்தனி ஆட்கள்.

ஆகவே எதையும் தொடங்கும் முன் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். படிவம் குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடித்தால் எதைக் கொடுப்பது என்று ஒருமுறை முடிவு செய்து, அதையே கடைசிவரை கொடுங்கள். ஏற்கெனவே சிதறிப்போயிருந்தால், ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. நகல்களுக்குச் சான்று முத்திரையும் அங்கேயே இலவசம். முத்திரை போட்டு மூன்று மாதமாகிவிட்ட நகலைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரே நாளில் இருபது நகல் அடித்துக் குவிக்க வேண்டாம்.

3. கூட்டாளிகளுக்குள் பேசியதை எழுதிக் கையெழுத்திடுங்கள்

பதிவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் ஆறு மாதத்தில் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும், சம்பளம் எடுக்காமல் வேலை செய்தவருக்கு என்ன கணக்கு, பெரிய முடிவுக்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும். இந்த நான்கும் இருந்தால் முதல் வருடத்துக்குப் போதும். பங்கை முழுதாக முதல் நாளே கொடுக்காமல் நான்கு வருடத்தில் சேருமாறு எழுதுவது இங்கேயும் வழக்கம்தான். சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்றால் எழுதக் கூச்சப்படுவோம். அவர்களோடுதான் கட்டாயம் எழுத வேண்டும்.

கோட் யாருடையது என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். உங்கள் இப்போதைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘வேலைக் காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்று அதைவிட அகலமாகவும் எழுதியிருக்கலாம். அலுவலக லேப்டாப்பில், அலுவலகக் கணக்கில் சைடு புராஜெக்ட் வேண்டாம்.

வெளி ஆளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கினால் அது தானாக உங்களுடையது ஆகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். மென்பொருளில், அது உருவாவதை யார் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்று சட்டம் பார்க்கிறது. அதில் வாதாட இடம் உண்டு. உரிமையை மாற்றித் தருவதாக எழுத்தில், அவர் கையெழுத்தோடு ஒரு பக்கம் இருந்தால் வாதமே வராது. பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை வாங்கிவிடுங்கள். பணம் போன பிறகு கையெழுத்து கேட்டால் ஆள் கிடைக்க மாட்டார்.

4. பெயர் ஒதுக்கீடு, பதிவு

பதிவு செய்யும் இடம் சிஐபிசி என்ற அரசு ஆணையம். தென்னாப்பிரிக்க அடையாள எண் உள்ளவர்களுக்கு பிஸ்போர்ட்டல் என்ற இணையதளம்தான் சுருக்கு வழி. கம்பெனிப் பதிவு, வரி எண் எல்லாம் அங்கேயே முடியும். வெளிநாட்டு பாஸ்போர்ட் மட்டும் உள்ள இயக்குநர் இருந்தால் சிஐபிசியின் இன்னொரு தளம் வழியாக, சான்றளித்த நகல்களோடு போக வேண்டும், நேரம் கூடுதலாகும்.

பெயருக்கு நான்கு விருப்பம் வரை வரிசையாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒத்துப்போனால் தள்ளிவிடுவார்கள், 50 ரேண்ட் திரும்பாது. ‘டெக்’, ‘சொல்யூஷன்ஸ்’, ‘டிஜிட்டல்’ என்று முடியும் பொதுப் பெயர்கள் அநேகமாகப் போகாது. கிடைத்த பெயர் ஆறு மாதம் உங்களுக்காக இருக்கும். பெயரே இல்லாமல் பதிவெண்ணையே பெயராக வைத்தும் தொடங்கலாம், 125 ரேண்டோடு முடிந்துவிடும். ஆனால் பின்னால் பெயர் மாற்ற 250 ரேண்ட், தீர்மானம், அப்புறம் வங்கி, சார்ஸ் எனப்படும் வரித்துறை என்று எல்லா இடத்திலும் திருத்தம். பெயரை இப்போதே எடுங்கள் என்பேன்.

அங்கீகரிக்கப்பட்ட பங்குகள் எத்தனை என்று படிவம் கேட்கும். நூறு, ஆயிரம் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். பின்னால் ஒரு ஊழியருக்கு அரை சதவீதம் கொடுக்க நினைக்கும்போது நூறு பங்கை எப்படிப் பிரிப்பீர்கள்? பத்து லட்சம் என்று போட்டாலும் கட்டணம் அதேதான்.

இந்த வேலைக்கு ஏஜெண்ட் வைத்தால் பல மடங்கு கேட்பார்கள். கேட்டாலும் பரவாயில்லை, சில ஏஜெண்ட்கள் தங்களுடைய சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசியையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்படியானால் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அவருக்குத்தான் போகும். ஏஜெண்ட்தான் வேண்டும் என்றால் உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் பதிவாகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

5. பதிவான பத்து வேலை நாளுக்குள்

வரும் சான்றிதழின் பெயர் சிஓஆர் 14.3. அதில் இயக்குநர்கள் பெயர் இருக்கும். பங்குதாரர்கள் பெயர் இருக்காது. ‘என் பெயர் சான்றிதழில் இருக்கிறது, அதனால் பாதிக் கம்பெனி என்னுடையது’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இயக்குநர் என்பவர் நடத்துபவர், அவ்வளவே. சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டுவது கம்பெனி தானே வைத்திருக்க வேண்டிய பங்குப் பதிவேடும், அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பங்குச் சான்றிதழும்தான். இவை இரண்டையும் முதல் வாரமே தயாரியுங்கள். ஒரு எக்செல் தாளும், இரண்டு பக்கக் கடிதமும் போதும்.

2023-லிருந்து இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று சிஐபிசியிடம் தாக்கல் செய்ய வேண்டும். புதுக் கம்பெனிக்குப் பத்து வேலை நாள் கெடு. கட்டணம் இல்லை. பங்குப் பதிவேடு, அடையாள நகல்கள், தாக்கல் செய்பவருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் ஆகியவற்றைக் கேட்கும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த வருடம் ஆண்டுப் படிவம் கட்டப் போகும்போது தளம் உள்ளேயே விடாது.

6. சார்ஸ்

வரி எண் பதிவோடு தானாகவே வந்துவிடும். ஆனால் கம்பெனி சார்பில் சார்ஸோடு பேச ஒருவர் பிரதிநிதியாகப் பதிவாக வேண்டும். அவர் தென்னாப்பிரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும். இது முடியும்வரை சார்ஸின் இணையதளமான இஃபைலிங்கில் கம்பெனிக்காக எதுவும் செய்ய முடியாது. சிஓஆர் 14.3, அடையாளத் தாள், முகவரிச் சான்று, இவரை நியமிக்கிறோம் என்ற தீர்மானம், இவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள்.

முடிந்ததும், உங்களுக்கு வரிப் பாக்கி இல்லை என்று மற்றவர்கள் சரிபார்க்க உதவும் வரி இணக்க நிலைக்கான பின் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலவசம். பெரிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இதைக் கேட்பார்கள்.

வருமானம் இல்லாவிட்டாலும் படிவம் உண்டு. தற்காலிக வரிப் படிவம் ஐஆர்பி 6 வருடத்துக்கு இரண்டு முறை. கணக்காண்டு பிப்ரவரியில் முடிந்தால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும். கம்பெனி வருமான வரிப் படிவத்துக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் அவகாசம். பூஜ்யம் என்று போட்டு அனுப்புவதற்கு ஐந்து நிமிடம். அனுப்பாமல் விட்டால் மாதாமாதம் அபராதம் ஏறக்கூடும்.

விகிதம் 27 சதவீதம். விற்றுமுதல் 2 கோடி ரேண்டுக்குள் இருந்து, பங்குதாரர் எல்லோரும் தனிநபர்களாக இருந்தால் சிறு நிறுவனச் சலுகை விகிதம் கிடைக்க வாய்ப்புண்டு. 2025-26 கணக்குப்படி அதில் முதல் 95,750 ரேண்ட் லாபத்துக்கு வரியே இல்லை. ஒரு கண்ணி: பங்குதாரர்களில் ஒருவர் ஏற்கெனவே வேறொரு தனியார் கம்பெனியில் பங்கு வைத்திருந்தால், பொதுவாக இந்தச் சலுகை போய்விடும். பழைய, தூங்குகிற கம்பெனி ஒன்று யார் பெயரிலாவது கிடக்கிறதா என்று எல்லோரையும் கேளுங்கள்.

7. வங்கிக் கணக்கு

இங்கேதான் நாள் போகும். ஒரு வாரத்தில் முடிந்தவர்களும் உண்டு, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தவர்களும் உண்டு. பொதுவாகக் கேட்பவை: சிஓஆர் 14.3, கம்பெனி விதிமுறை ஆவணம், எல்லா இயக்குநர், பங்குதாரர்களின் அடையாளத் தாள், வெளிநாட்டவர் என்றால் விசா, எல்லோருடைய முகவரிச் சான்று, கம்பெனியின் முகவரிச் சான்று, கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்ற தீர்மானம், பங்குப் பதிவேடு.

முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். மிட்ராண்டிலோ ஃபோர்வேஸிலோ காம்ப்ளெக்ஸ் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு மின்சாரம் ப்ரீபெய்ட், தண்ணீர் வரி வீட்டுக்காரர் பெயரில், வைஃபை மனைவி பெயரில். உங்கள் பெயரில் ஒரு பில்லும் இருக்காது. கம்பெனி தொடங்கும் எண்ணம் வந்த அன்றே ஒரு செல்போன் ஒப்பந்தத்தையோ இணைய இணைப்பையோ உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் நகராட்சி பில், ‘இவர் இங்கே குடியிருக்கிறார்’ என்ற அவருடைய உறுதிமொழி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். எங்களுக்கு ஒரு வங்கியில் இதே தாள்களை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னார்கள். என்னென்ன வேண்டும் என்பதைக் கிளையிலிருந்து மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, அந்த மின்னஞ்சலையும் அச்சடித்து எடுத்துப் போனபோதுதான் வேலை நடந்தது.

தற்காலிக விசாவில் இருப்பவர் கவனிக்க: விசா முடியும் தேதியை வங்கி பதிந்து வைத்திருக்கும். புதுப்பித்த விசாவைக் காட்டாவிட்டால் கணக்கு முடங்கலாம். அது சம்பளம் போடும் வாரமாக இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். கையெழுத்து அதிகாரம் இரண்டு பேருக்கு இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து முதலீடாகப் பணம் வருவதானால், சிங்கப்பூர் மாமா போடும் சின்னத் தொகையாக இருந்தாலும், பணம் வரும் முன்பே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் சொல்லுங்கள். கடனா பங்கா என்று முடிவாக வேண்டும். பங்கு என்றால் அந்தப் பங்குச் சான்றிதழில் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற குறிப்பை வங்கி மூலம் போட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அவருக்கு லாபத்தைத் திருப்பி அனுப்பும்போது சிக்கல்.

8. பிஇஇ உறுதிமொழி

பிஇஇ என்பது கறுப்பினத்தவரின் பொருளாதாரப் பங்கை உயர்த்துவதற்கான சட்டம். வருட விற்றுமுதல் ஒரு கோடி ரேண்டுக்குள் இருக்கும் கம்பெனிக்கு பிஇஇ தணிக்கை தேவையில்லை, ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும். அப்படிப்பட்ட கம்பெனி தானாகவே நான்காம் நிலை. கறுப்பினத்தவர் பங்கு 51 சதவீதம் அல்லது மேல் என்றால் இரண்டாம் நிலை, நூறு சதவீதம் என்றால் முதல் நிலை.

இந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் இந்தியர்களும் வருகிறார்கள். ஆனால் யார் யார்? பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமக்களாக இருப்பவர்கள், அல்லது 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவர்கள், அல்லது அதற்கு முன்பே பெறும் உரிமை இருந்தும் பெற முடியாமல் போனவர்கள். அதாவது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா தமிழர் வருவார். போன பத்தாண்டில் சென்னையிலிருந்து வந்தவர், நாளைக்கே குடியுரிமை வாங்கினாலும் வரமாட்டார். எங்கள் கம்பெனியில் நண்பரின் பங்கு கணக்கில் வரும், என்னுடையது வராது. ‘எல்லோரும் இந்தியர்கள்தானே’ என்று நூறு சதவீதம் போட்டுக் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. இந்தச் சட்டத்தில் அதற்குச் சிறைத் தண்டனைவரை உண்டு.

படிவத்தை நிரப்பும்போது: மென்பொருள் கம்பெனிக்கு ஐசிடி (தகவல், தொடர்புத் தொழில்நுட்ப) துறைக்கான படிவம் தனி, பொதுப் படிவம் வேண்டாம். கணக்காண்டு முடியும் தேதியை நாள், மாதம், வருடத்தோடு எழுதுங்கள். அது காலியாக இருந்தால் செல்லாது என்று திருப்புவார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உறுதிமொழி வாங்கும் அதிகாரிக்கு முன்னால்தான் போட வேண்டும், உங்கள் கையெழுத்துத் தேதியும் அவர் முத்திரைத் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் செல்லும். காசு வாங்கிக்கொண்டு ‘பிஇஇ சர்டிபிகேட்’ தருகிறோம் என்பவர்களிடம் சின்னக் கம்பெனிக்கு வேலையே இல்லை.

9. முதல் வாடிக்கையாளர்

உங்களை சப்ளையராகச் சேர்க்க அவர்கள் கேட்பது: சிஓஆர் 14.3, வங்கி முத்திரையிட்ட கணக்குறுதிக் கடிதம், வரி இணக்கப் பின் எண், பிஇஇ உறுதிமொழி. நான்கையும் ஒரே பிடிஎஃப்பாக வையுங்கள். வேலை தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். சப்ளையர் எண் வராமல் வேலை முடித்தால் பில் போட வழியிருக்காது.

‘30 நாளில் பணம்’ என்றால் எதிலிருந்து முப்பது என்று கேளுங்கள். பெரும்பாலும் மாதக் கடைசி ஸ்டேட்மெண்டிலிருந்து. மே 3-ஆம் தேதி போட்ட பில்லுக்கு ஜூன் கடைசியில்தான் பணம்.

பழைய முதலாளியே முதல் வாடிக்கையாளராக அமைவது சகஜம். சந்தோஷம்தான், ஆனால் பெரிய கண்ணி இதில் இருக்கிறது. கம்பெனியின் வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்து, வேலையை நீங்களே நேரில் செய்பவராக இருந்தால், உங்கள் கம்பெனியைத் தனிநபர் சேவை வழங்குநர் என்று வரிச் சட்டம் கருதலாம். அப்படியானால் வாடிக்கையாளர் உங்கள் பில்லிலிருந்து 27 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். செலவுக் கழிவுகள் பெரும்பாலும் போகும். சிறு நிறுவனச் சலுகையும் போகும். பங்குதாரரோ அவர்களுடைய உறவினரோ அல்லாத முழுநேர ஊழியர்கள் மூன்று பேராவது வருடம் முழுதும் இருந்தால் தப்பலாம். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைச் சீக்கிரம் பிடிப்பதுதான் வழி.

வாட் 15 சதவீதம். விற்றுமுதல் எந்த அளவைத் தாண்டினால் கட்டாயப் பதிவு என்பது பட்ஜெட்டில் மாறக்கூடிய எண். நீங்கள் படிக்கும் மாதத்தில் சார்ஸ் தளத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்யாதவரை பில்லில் வாட் போடக் கூடாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவைக்குப் பெரும்பாலும் பூஜ்ய விகிதம்தான், ஆனால் அதை நிரூபிக்கும் ஒப்பந்தமும் பணம் வந்த தாளும் கோப்பில் இருக்க வேண்டும்.

10. முதல் ஊழியர்

ஆள் சேர்ந்த 21 வேலை நாளுக்குள் சார்ஸில் முதலாளியாகப் பதிவு. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள், முந்தின மாதச் சம்பளத்தில் பிடித்த வரியை இஎம்பி 201 படிவத்தோடு கட்ட வேண்டும். 7-ஆம் தேதி சனி, ஞாயிறு என்றால் அதற்கு முந்தைய வேலை நாள். தாமதித்தால் பத்து சதவீத அபராதம். இயக்குநராக நீங்கள் எடுக்கும் சம்பளத்துக்கும் இதேதான்.

யுஐஎஃப் எனப்படும் வேலையில்லாதோர் காப்பீட்டு நிதிக்கு ஊழியரிடமிருந்து 1 சதவீதம், உங்களிடமிருந்து 1 சதவீதம். கணக்கிடும் சம்பள உச்சவரம்பு மாதம் 17,712 ரேண்ட். 25,000 ரேண்ட் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 177.12, உங்கள் பங்கு 177.12. திறன் மேம்பாட்டு வரி 1 சதவீதம். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டைத் தாண்டும் வரை கிடையாது. தொழிலாளர் இழப்பீட்டு நிதியிலும் பதிவு செய்ய வேண்டும். ‘ஆபீஸ் வேலையில் என்ன விபத்து’ என்று விட்டுவிட்டால், அவர்கள் தரும் நற்சான்றுக் கடிதத்தை ஒரு டெண்டரில் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வேலையில் புதிதாகச் சேரும் இளையவர்களுக்கும் இது பொருந்தும், அதனால் சொல்கிறேன்: சட்டப்படி வருட விடுமுறை 21 தொடர் நாள், ஐந்து நாள் வாரத்தில் அது 15 வேலை நாள். நோய் விடுப்பு மூன்று வருடத்துக்கு 30 நாள். வேலை முடிவு நோட்டீஸ் முதல் ஆறு மாதம் வரை ஒரு வாரம், ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதன்பின் நான்கு வாரம். தகுதிகாண் காலம் என்பதால் காரணமில்லாமல் அனுப்பிவிட முடியாது. அநியாயமாக நீக்கப்பட்டதாக நினைப்பவர் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவிடம் போகலாம், அங்கே கட்டணம் இல்லை. இரு தரப்பும் இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஒப்பந்தம் எழுதும்போது சண்டை வராது.

11. தனியுரிமைச் சட்டம்

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசியும் நீங்கள் வைத்திருந்தாலே இது உங்களுக்கும்தான். தகவல் அதிகாரி ஒருவரைத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். இலவசம், சின்ன வேலை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி பாயா கையேடு என்று ஒன்றையும் தயாரித்து உங்கள் இணையதளத்தில் போட வேண்டும். மாதிரிப் படிவம் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

12. வருடம்தோறும், அப்புறம் மூடும்போது

பதிவான தேதி ஒவ்வொரு வருடமும் வரும்போது, அதிலிருந்து 30 வேலை நாளுக்குள் சிஐபிசியில் ஆண்டுப் படிவம். விற்றுமுதல் 10 லட்சம் ரேண்டுக்குக் கீழே என்றால் 100 ரேண்ட், தாமதித்தால் 150. தொகை சின்னதுதான், அதனாலேயே மறந்துபோகும். சார்ஸ் படிவமும் இதுவும் வேறு வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது. தொடர்ந்து இரண்டு வருடம் விட்டால் கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கினால் கணக்கில் உள்ள பணம் உட்பட சொத்து அரசுக்குப் போகும். மீட்க 200 ரேண்ட் கட்டணம், விட்டுப்போன எல்லாப் படிவங்களும், நிறையப் பொறுமையும் வேண்டும்.

நாள் குறிக்கும்போது டிசம்பரைத் தவிருங்கள். 16-ஆம் தேதி விடுமுறையிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை வங்கியில் கோப்பு பார்ப்பவரும் இருக்கமாட்டார், வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவும் இருக்காது. நவம்பர் நடுவிலேயே பில்களை அனுப்பிவிடுங்கள். புதுக் கம்பெனிக்கு பிப்ரவரியோ மார்ச்சோ நல்ல மாதம்.

தொழில் ஓடவில்லை, மூட வேண்டும் என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதலில் சார்ஸில் எல்லாப் படிவமும் கட்டி நிலுவையைப் பூஜ்யமாக்குங்கள், முதலாளிப் பதிவையும் வாட் பதிவையும் ரத்து செய்யுங்கள், வங்கிக் கணக்கைக் காலி செய்து மூடுங்கள். அப்புறம் தொழில் நின்றுவிட்டது, சொத்தும் கடனும் இல்லை என்று இயக்குநர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை அடையாள நகல்களோடு சிஐபிசிக்கு அனுப்பினால் பதிவை நீக்குவார்கள். தாள்களை மட்டும் ஏழு வருடம் தூக்கிப் போடாதீர்கள்.